கமிஷனரை மாற்றச் சொன்ன தங்கை

பாறசாலைச் சந்திப்பில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை உண்டு. கண் பரிசோதிக்கச் சுவரில் இரண்டு எழுத்து அட்டைகள் தொங்குகின்றன, ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். வருகிறவர்கள் எந்த அட்டையை வாசிப்பார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மலையாளத்தில் பேசிக்கொண்டே வந்து தமிழ் அட்டைக்கு முன்னால் உட்காருவார்கள். சிலர் மேல் வரியை இதிலும் கீழ் வரியை அதிலும் வாசித்துவிட்டு, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுந்து போவார்கள். எனக்கு முன்கோபம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே செய்கிறார்களோ என்று தோன்றும்.

இந்தக் கதை நடந்த சமயத்தில் கடைக்கு வந்தவர்கள் எந்த அட்டையையும் வாசிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, கமிஷனர் இருப்பாரா, போவாரா என்பதுதான்.

திருவனந்தபுரம் நகரத்துப் போலீஸ் கமிஷனரைத்தான் சொல்கிறேன். அவர் வந்த சில மாதங்களில் ஓர் உத்தரவு போட்டார். பெரிய சந்திப்புகளில் எந்த வண்டியும் வலப்பக்கம் திரும்பக் கூடாது. வலப்பக்கம் போக வேண்டியவர்கள் இடப்பக்கம் திரும்பி, கொஞ்சதூரம் போய், வளைந்து, மறுபடி சந்திப்புக்கே வந்து நேராகப் போய்க்கொள்ள வேண்டும். இதனால் சிக்னலில் காத்துக் கிடப்பது குறைந்தது என்று ஒரு பகுதியினர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இன்னொரு பகுதியினர், கண்முன்னே தெரிகிற ஆபீசுக்கு ஊரைச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். போதாக்குறைக்குத் தெருவோரத் தட்டுக்கடைகளை நேரத்தோடு மூடச் சொன்னார். ராத்திரி தோசை தின்று பழகிய நகரம் அதைத்தான் தாங்கிக்கொள்ளவில்லை. அவரை மாற்ற வேண்டும், மாற்றக் கூடாது என்று சேனல்களில் நாள் தவறாமல் சண்டை நடந்தது.

நாங்கள் நகரத்தில் இல்லை. நெய்யாற்றின்கரை தாண்டி, தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர்க்காரர்கள். எங்களுக்கு வேறு போலீஸ், வேறு அதிகாரி. ஆனாலும் எங்கள் ஊரில் அபிப்பிராயம் இல்லாத ஒரு மனிதரைக்கூட நான் பார்க்கவில்லை. காலை ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எதிரெதிர் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். பனச்சமூட்டிலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்காரர்கள் அவர் போக வேண்டும் என்றார்கள். கோட்டுகால் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காமார், அந்த ஆள் வந்தபிறகு தங்கள் கூடையை யாரும் தட்டிவிடுவதில்லை, அவர் இருக்கட்டும் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடி வாங்க வந்த ஒருவர், உங்களுக்கு வேண்டாமென்றால் எங்களுக்குத் தாருங்கள், மார்த்தாண்டத்தில் போட்டுப் பார்க்கிறோம் என்று கேட்டார். அவர் விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

இத்தனை பேரிலும் கமிஷனர் இருக்க வேண்டும் என்று உண்மையாக, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு விரும்பிய ஆள் ஒருத்திதான். அவள் என் தங்கை.

தங்கை பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வீடு என் வீட்டுக்கு அடுத்த வீடு. அவளுடைய வீட்டுக்காரர் காட்டாக்கடைப் பக்கத்து ஆள், நகரத்தில் போலீஸ்காரர். நானும் அவரும் ஒருவரையொருவர் அளியன் என்று கூப்பிட்டுக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் மச்சான் முறைக்கு அதுதான் வழக்கம். அளியனுக்கு டிராபிக் வேலை. கமிஷனருடைய உத்தரவின்படி சந்திப்பில் நின்று, வருகிற வண்டிகளையெல்லாம் இடப்பக்கம் இடப்பக்கம் என்று கைகாட்டுகிற ஆட்களில் அவரும் ஒருவர். நேரங்கெட்ட நேரத்து வேலை என்பதால் அங்கேயே தங்கிவிடுவார். வீட்டுக்கு வருவது வாரத்தில் ஒரு நாள்.

அவர்களுக்கு இரண்டு வயது நிறையாத ஒரு பெண் குழந்தை. அப்பா காக்கிச் சட்டையோடு படியேறினால் போதும், அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். சட்டையை மாற்றிக்கொண்டு, பிஸ்கட்டும் கையுமாகப் போய் நின்றாலும் “போ” என்று சொல்லும். மத்தியானத்துக்குமேல் மெல்ல மெல்ல வெளியே வரும். சாயங்காலம் மடியில் ஏறி உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுக்கிற நேரத்தில் அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அடுத்த வாரம் மறுபடி கதவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அளியன் நல்ல உயரமும் பருமனும் உள்ள மனிதர். அந்த “போ”வைக் கேட்டுவிட்டு அவர் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

பாறசாலை ஸ்டேஷனில் ஓர் இடம் காலியாக இருந்தது. அளியன் மாற்றம் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். அவரை நகரத்திலிருந்து விடுவிக்கக் கமிஷனர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதர் எல்லா ஃபைலையும் தானே வாசிப்பார், சிபாரிசைக் காதில் வாங்கமாட்டார், தாமதமானாலும் நியாயமாகச் செய்வார் என்று பேச்சு. சிபாரிசுக்கு எங்களிடமும் ஆள் இல்லை. ஆகவே அவர் கையெழுத்துப் போடுகிற வரைக்காவது நாற்காலியில் இருக்க வேண்டும். போய்விட்டால் புது ஆள் வந்து, ஊரைப் படித்து முடிப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தங்கை தினமும் குடும்ப ஜெபத்தில், நோயாளிகளுக்கும் பயணக்காரர்களுக்கும் அடுத்தபடியாகக் கமிஷனருக்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

இப்படிப்பட்டவள்தான் கமிஷனரை மாற்று என்று மேடையேறிப் பேசினாள். அதற்குக் காரணம் எங்கள் சபை வாலிபர் சங்கத்தின் விதி.

எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகையன்று சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணுகிற அசனம் முடிந்ததும் பட்டிமன்றம் நடக்கும். முன்பெல்லாம் அவரவர் மனசுக்குப் பட்ட பக்கத்தில்தான் பேசினார்கள். ஒரு தடவை தேர்தல் சமயத்தில் ஏதோ ஒரு தலைப்பைக் கொடுத்து, பேச்சு முற்றி, சாம்பார் வாளி பறந்து, இரண்டு குடும்பங்கள் வெகுநாள் ஒரே பெஞ்சில் உட்காராமல் இருந்தன. அப்போதிருந்த போதகர் ஒரு வழி கண்டுபிடித்தார். இனிமேல் யாரும் தன் மனசில் உள்ளதைப் பேசக் கூடாது. அதற்கு நேர் எதிரான பக்கத்தைத்தான் பேச வேண்டும். நடுவருக்கும் அதே விதி. மனசில் உள்ள தீர்ப்புக்கு மாறாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அன்றுமுதல் சண்டை இல்லை. யார் மேடையில் எதைக் கிழித்துத் தொங்கவிட்டாலும், அவருக்கு அது எவ்வளவு பிடித்தமானது என்று சபை புரிந்துகொண்டு கைதட்டும். மாமியாரைத் திட்டிப் பேசினால் மாமியார்மார் முதல் வரிசையில் உட்கார்ந்து சந்தோஷப்படுவார்கள். இந்த விதியோடு வளர்ந்த எங்களுக்கு, உலகத்தில் மற்றவர்கள் பட்டிமன்றத்தை வேறு மாதிரி கேட்பார்கள் என்பதே மறந்துபோயிருந்தது.

அந்த வருஷத் தலைப்பு, நகரத்துக் கமிஷனரை மாற்ற வேண்டுமா, வேண்டாமா. நடுவர் நான். பொன்னாடையெல்லாம் போர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். தங்கை மாற்ற வேண்டும் என்கிற பக்கம். அவள் எவ்வளவு தூரம் கமிஷனர் கட்சி என்பது சபைக்கே தெரியும் என்பதால், அவள் எழுந்தபோதே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது.

தங்கைக்குப் பள்ளிக்கூடத்துக் குரல், கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும். நேரே தெரிகிற ஆஸ்பத்திரிக்குச் சுற்றிச் சுற்றிப் போனதில் காய்ச்சல் வழியிலேயே குணமாகித் திரும்பி வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னாள். வலப்பக்கம் என்று ஒரு பக்கம் இருந்ததையே நகரத்துப் பிள்ளைகள் மறந்துவிடப் போகிறார்கள் என்றாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதற்குப்பிறகுதான் வீட்டு விஷயத்துக்கு வந்தாள்.

“எனக்க வீட்டுக்காரரு இந்தக் கமிஷனருக்குக் கீழயாக்கும் வேல பாக்கியாரு. எடத்தோட்டு, எடத்தோட்டுன்னு கைகாட்டிக் கைகாட்டி, இப்ப வீட்டுக்கு வந்தாலும் அடுக்களைக்குப் போறதுக்கு முற்றத்தச் சுத்தித்தான் வாறாரு. இந்தக் கமிஷனர மாத்துங்க. இல்லேன்னா எனக்க வீட்டுக்காரரத் திருப்பித் தாருங்க.”

பந்தலே ஆடியது. போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது நான் செய்துகொடுத்த கண்ணாடி. எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு படி இறங்கியதை நான் கவனித்தேன். நடுவர் என்ற முறையில் அது விதிமீறல் என்று மணியடித்திருக்க வேண்டும். அடிக்க மனசு வரவில்லை.

முடிவில் நான் எழுந்து, எல்லாரும் நன்றாகப் பேசினார்கள், ஆனாலும் கமிஷனரை உடனே மாற்றியே தீர வேண்டும் என்று மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னேன். அவர் இருக்கட்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன் என்பது எல்லாருக்கும் விளங்கியது. பாயசம் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

சங்கத்தின் செயலர் தலை நரைத்த ஒரு வாலிபர். பண்டிகை நிகழ்ச்சிகளையெல்லாம் செல்போனில் பிடித்து யூடியூபில் போடுவது அவருடைய ஊழியம். சபையில் உள்ளவர்களும் வெளிநாட்டில் இருக்கிற அவர்கள் பிள்ளைகளும் மட்டுமே பார்ப்பார்கள். அன்றைக்கு யாரோ ஒரு புண்ணியவான் தங்கை பேசியதை மட்டும் வெட்டி எடுத்து, கீழே மலையாளத்தில் எழுத்தும் ஓடவிட்டு, நகரத்துக் குழுக்களில் அனுப்பிவைத்தார். மறுநாள் நான் கடை திறக்கும்போது அது ஊரைச் சுற்றித் திரும்ப எங்களிடமே வந்துவிட்டது.

கமிஷனருக்கு எதிராகப் போலீஸ்காரரின் மனைவி என்று சேனலில் ஓடியது. மாற்றச் சொன்ன கட்சிக்காரர்கள் தங்கையை வீராங்கனை ஆக்கினார்கள். மாற்றக் கூடாது என்றவர்கள், சம்பளம் கொடுக்கிற இடத்தைத் திட்ட வெட்கமில்லையா என்று கேட்டார்கள். இன்னொரு சேனலில் பொன்னாடையோடு நான் மேசையைத் தட்டுவதைக் காட்டி, எல்லைக் கிராமங்களின் தீர்ப்பு என்று போட்டார்கள். ரிட்டையர்டு நீதிபதியா என்று கேட்டுக் கடைக்கே போன் வந்தது. மூக்குக்கண்ணாடி செய்கிறவன் என்று சொன்னேன், அவர்கள் நம்பவில்லை.

நான் செயலரைக் கடைக்கு வரவழைத்து, அவருடைய நரையைக்கூடப் பார்க்காமல் கண்டபடி ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தீர்ப்புச் சொன்னது நீங்கள்தானே என்றார். அதற்காக இன்னும் கொஞ்சம் ஏசினேன்.

மத்தியானம் அளியன் கூப்பிட்டார். தங்கை போனை என் கையில் கொடுத்துவிட்டாள். அவருக்குக் கோபம் இல்லை. முற்றத்தைச் சுற்றுகிற வரியைச் சொல்லித் தன்னையறியாமல் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு குரல் இறங்கியது.

“அளியா, இங்க எல்லாரும் எனக்குச் சாயா வாங்கித் தாறாங்க. எதுக்குன்னு எனக்கு மனசிலாகல்ல. பெரிய சார் நாளைக்கு என்னையும் அவளையும் நேர்ல வரச் சொல்லியிருக்கியாரு.”

பாறசாலை மாற்றம் போயிற்று என்று அப்போதே முடிவுகட்டிவிட்டோம். வேலைக்கு ஆபத்து வராமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. தங்கை அழவில்லை. அலமாரியைத் திறந்து சேலையையும் குழந்தையின் உடுப்பையும் எடுத்து இஸ்திரி போட்டாள். குழந்தையை எதற்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டேன். விட்டுவிட்டு வந்தால் யார் பார்த்துக்கொள்வது, நீயும் அல்லவா வருகிறாய், தீர்ப்புச் சொன்னவன் நீயாக்கும் என்றாள்.

காலை ரயிலில் போனோம். இரண்டு கட்சிப் பெண்களும் தங்கையை அடையாளம் கண்டுகொண்டு, கட்சியை மறந்து இடம் கொடுத்தார்கள். நகரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கமிஷனர் ஆபீஸ் கண்முன்னே வலப்பக்கம் தெரிந்தது. ஆட்டோ இடப்பக்கம் திரும்பியது. கோயில், பள்ளிக்கூடம், சினிமாத் தியேட்டர் எல்லாம் தாண்டி, வளைந்து, நாங்கள் பார்த்த அதே சந்திப்புக்கு வந்து சேர்ந்தோம். வேறொரு நாளாக இருந்தால் நான் டிரைவரோடு சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு அந்தச் சுற்று இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று இருந்தது. சொல்லவேண்டிய மன்னிப்பை மலையாளத்தில் பாதிதான் தயார்செய்திருந்தேன்.

கமிஷனர் வடநாட்டுக்காரர். டி.வி.யில் பார்ப்பதைவிடச் சிறிய ஆள். மலையாளம் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துப் பேசினார். எங்களை உட்காரச் சொன்னார். அளியன் மட்டும் சுவரோரம் விறைப்பாக நின்றார். மடியில் இருந்த குழந்தை என் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

மன்னிப்பெல்லாம் மறந்துபோய், நான் விதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பட்டிமன்றம் என்றால் என்ன என்பதற்கே வெகுநேரம் பிடித்தது. பிறகு சாம்பார் வாளி பறந்த கதை, போதகர் கண்ட வழி, மாமியார்மார் முதல் வரிசையில் உட்காருகிற காரணம் எல்லாம் சொன்னேன். நான் தடுமாறிய இடங்களில் அளியன் விறைப்பு குறையாமல் எடுத்துக்கொடுத்தார். கமிஷனர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் இந்த அம்மா என்னைத் திட்டிய அளவுக்கு என்மேல் மதிப்பு வைத்திருக்கிறார் என்றா சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு, இந்த ஆபீசில் எல்லாரும் என்னைப் புகழ்ந்துதான் பேசுகிறார்கள், உங்கள் சங்கக் கணக்குப்படி பார்த்தால் என் கதி என்ன என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கமிஷனரும் சிரித்தார். வாசலில் நின்ற காவலர்கூட எட்டிப் பார்த்தார். அளியன் ஒருவர்தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் கமிஷனர் செல்போனை எடுத்து அந்த வீடியோவை ஓடவிட்டார். தங்கையின் குரல் அந்த அறையில் கேட்டது. கடைசி வரி வந்ததும் நிறுத்தினார். வீட்டுக்காரரைத் திருப்பித் தாருங்கள் என்பதும் மாற்றிச் சொன்னதுதானா என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

தங்கை எழுந்து நின்றாள். ரயிலில் சொல்லிச் சொல்லிப் பழகிய மலையாளம் எங்கே போயிற்றோ, தமிழில்தான் வாய்திறந்தாள்.

“இல்ல சார். அது மட்டும் நேரே சொன்னதாக்கும்.”

அளியன் அதை மொழிபெயர்க்கவில்லை. கமிஷனருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. மெல்லத் தலையாட்டினார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது போல, எழுந்து மேசைமேல் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

அதுவரை சும்மா இருந்த குழந்தை அந்தத் தொப்பியைப் பார்த்ததும் மிரண்டுவிட்டது. என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடியது. ஒளிந்துகொள்ள அங்கே அடுக்களைக் கதவு இல்லை. அம்மாவிடம் போகும் என்று நினைத்தேன். நேரே சுவரோரம் போய், காக்கிக் கால்சட்டை போட்ட தன் அப்பாவின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு முகத்தை அதில் புதைத்துக்கொண்டது. காக்கியில் இருக்கிற அப்பாவை அது முதல்முறையாகத் தொட்டது அன்றைக்குத்தான்.

அளியன் குனியவில்லை. பெரிய அதிகாரி முன்னால் எப்படிக் குனிவார்? கையை விறைப்பாகத் தொடையோடு ஒட்டிவைத்து நின்றார். விரல்கள் மட்டும் குழந்தையின் தலையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன. கமிஷனர் அதைப் பார்த்துவிட்டு, குழந்தையை எடுத்துக்கொள் என்றார். அளியன் எடுத்துக்கொண்டார். தங்கையும் நானும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தோம். ஃபைலைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கமிஷனர் வெளியே போனார்.

அதே வாரத்தில் அவரை மாற்றிவிட்டார்கள்.

செய்தி வந்தபோது எங்கள் சந்திப்பில் வாழைக்குலை வண்டிக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். ஜெயித்துவிட்டாய் டீச்சரே என்று தங்கைக்குப் போன்மேல் போன். ஒருவர் லட்டு கொண்டுவந்து கொடுத்தார். அவள் எல்லாரிடமும் சிரித்து, நன்றி சொல்லி, லட்டை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வெளியே நின்றேன். அது தெரியாமல் கடைக்கு வந்த ஒருவர், அண்ணன் தீர்ப்பு அப்படியே பலித்துவிட்டதே, எங்கள் வார்டு மெம்பரைப் பற்றியும் ஒன்று சொல்லுங்களேன் என்று கேட்டார். அவரை எழுத்து அட்டைக்கு முன்னால் உட்காரவைத்து, மிகச் சிறிய வரியை வாசிக்கச் சொல்லி வாட்டி எடுத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து அளியன் கூப்பிட்டார். பேசமுடியாமல் கொஞ்சம் திணறினார். கமிஷனர் பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன்னால் உட்கார்ந்து, தேங்கிக் கிடந்த ஃபைல்களையெல்லாம் வாசித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். அதில் பாறசாலையும் இருந்தது. எல்லாருடையதையும் போட்டார், அதில் நம்முடையதும் வந்தது, அவ்வளவுதான் என்பது அளியனின் அபிப்பிராயம். தொப்பியைப் பார்த்து ஓடிய குழந்தைதான் காரணம் என்பது என்னுடையது. ஜெபம்தான் காரணம், அதை நீங்கள் இரண்டுபேரும் சொல்லவில்லை என்பாள் தங்கை. குடும்ப ஜெபத்தில் அந்த வரியை அவள் இன்றுவரை எடுக்கவில்லை. அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாததால், “எங்கிருந்தாலும்” என்று சேர்த்துக்கொள்கிறாள்.

புதிய கமிஷனர் வந்து எல்லாரையும் வலப்பக்கம் திரும்பவிட்டார். பழைய நெரிசல் பழையபடி வந்து சேர்ந்தது. காலை ரயிலில் இப்போது, என்ன இருந்தாலும் பழைய ஆள் கொள்ளாம், நல்ல ஆள்தான் என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் பேசுவதாகக் கேள்வி. சங்கத்தில் நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். பட்டிமன்றத்தைச் செல்போனில் பிடிக்கிறவர், இங்கே யாரும் மனசில் உள்ளதைப் பேசுவதில்லை என்று முதலில் மூன்று மொழியில் சொல்லிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். செயலர் அதை எதிர்த்துப் பேசினார். அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அளியன் பாறசாலை ஸ்டேஷனுக்கு வந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. தினமும் வீட்டிலிருந்து போய் வீட்டுக்கு வருகிறார். போன வாரம் ஒரு காலையில், என் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். அவர் காக்கிச் சட்டை போட்டு, பைக்கில் ஏறி, சாவியைத் திருகினார். குழந்தை உள்ளேயிருந்து ஓடிவந்து அவருடைய காலைப் பிடித்துக்கொண்டது.

“போவாண்டாம்” என்றது.

அளியன் வண்டியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சங்க விதியை அறிந்த மனிதர், அந்தப் பழைய “போ”வையெல்லாம் வாங்கிச் சுமந்தவர். இதை நேரே எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. நான் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

“அவ இன்னும் சங்கத்துல சேரல்ல அளியா.”